நல்ல தண்ணீரும் போர் தண்ணீரும்

அன்புள்ள மலருக்கு,

கீரனூருக்குக் குடிபோனதிலிருந்து வீட்டில் தண்ணீர்ப் பொறுப்பு உன்னுடையது என்று அண்ணன் சொன்னார். குழாயில் நல்ல தண்ணீர் சில நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது, பற்றாக்குறைக்கு ஆழ்துளைக் கிணற்றின் போர் தண்ணீர், அதைக் காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடாதா என்று கேட்டிருக்கிறாய். பாதிதான் சரியாகும்.

தண்ணீரில் இருக்கும் கிருமி வேறு, கரைந்திருக்கும் உப்பு வேறு. கொதி வந்தபின் ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் கிருமிகள் செத்துவிடும். உப்பும் ஃபுளோரைடும் அப்படியே இருக்கும். நீர் ஆவியாகக் குறையக் குறைய அவற்றின் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் இதை வலியோடு கற்றார்கள். தோல் ஷாப்புகளில் தோல் கெடாமலிருக்க உப்பையும், பதனிடக் குரோமியத்தையும் பயன்படுத்துவார்கள். அந்தக் கழிவு நிலத்தில் இறங்கி, கிணறுகள் உப்பாகின. தமிழ்நாட்டின் ஐந்து மாவட்டத் தோல் ஆலைகள் குறித்து 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அந்த ஐந்தில் திண்டுக்கல்லும் இருந்தது. தீர்ப்பு வந்தாலும் நிலத்தடியில் கலந்த உப்பு எளிதில் போய்விடாது. அங்கெல்லாம் தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாகத்தான் இருக்கும். அதனால்தான் தெளிவை நம்பாதே என்கிறேன்.

இனி உன் கையில் இருப்பதைச் சொல்கிறேன். குழாயில் சுத்தமாக வந்த தண்ணீர் பெரும்பாலும் வீட்டுக்குள்தான் கெடுகிறது. செவிலியாக வேலை பார்த்த காலமெல்லாம் வயிற்றுப்போக்கோடு வரும் குழந்தைகளின் அம்மாக்களிடம் நான் முதலில் கேட்டது, "தண்ணீரை எப்படி மொண்டு எடுக்கிறீர்கள்?" என்பதுதான். அகன்ற வாய்ப் பாத்திரத்தில் டம்ளரை விட்டால் விரலும் சேர்ந்து முங்கும். குடிக்கிற தண்ணீரைக் குடத்தில் வைத்து மூடு. சாய்த்து ஊற்று, அல்லது நீளக் காம்புள்ள கரண்டியால் எடு. உன் தம்பிக்கு எட்டாத இடமாக இருக்கட்டும்.

மழைக்குப் பிறகு கலங்கலாக வந்தால் பழைய பருத்திச் சேலையை நாலாக மடித்து வடிகட்டு. வங்கதேசக் கிராமங்களில் இப்படி வடிகட்டியதால் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனாலும் வடிகட்டியபின் காய்ச்சத்தான் வேண்டும்.

தண்ணீர் குறைவென்று கை கழுவுவதை மட்டும் விட்டுவிடாதே. அதற்கு நல்ல தண்ணீரே தேவையில்லை. போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தால் போதும். பாத்திரம் அலசிய தண்ணீர் செடிக்கும், துணி அலசியது கக்கூசுக்கும் போகட்டும்.

டிரம்மில் பிடித்து வைத்தால் ஏடிஸ் கொசு வரும். டெங்குவைப் பரப்பும் அது முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் ஒட்டிவிடும். டிரம் காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாது. அதனால் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தால் மட்டும் தீராது. வாரத்துக்கு ஒருமுறை, டிரம் காலியாகிற சமயம் பார்த்து, தேங்காய் நாரால் உட்சுவரை அழுத்தித் தேய். பிறகு துணி கட்டி மூடு.

போர் தண்ணீரைக் குடிக்கலாமா என்று நாக்கு சொல்லாது, ஆய்வகம்தான் சொல்லும். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்தில் ஆய்வகம் இருக்கிறது. உங்கள் அறிவியல் டீச்சரிடம் பேசி மாதிரி அனுப்பு. ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால், முளைத்துவரும் பற்களில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ கறை விழும். தம்பிக்கு நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகிற வயது. முடிவு வரும்வரை அவனுக்குக் குழாய்த் தண்ணீரையே ஒதுக்கி வை.

அன்புடன்,
அத்தை