கிராமங்களில் டிஜிட்டல் வானொலி: கேட்பது எவ்வாறு?

தஞ்சைத் தரணியில் நெல்லுக்கும் வானொலிக்கும் உள்ள உறவு புதிதன்று. கும்பகோணத்தை அடுத்த ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் 1965-ஆம் ஆண்டில் ஏ.டி.டி. 27 என்னும் குறுகிய கால நெல்லை வெளியிட்டது. குறுவைக்கு ஏற்ற அந்நெல்லின் சிறப்பையும் சாகுபடி முறையையும் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் குடியானவர்களுக்கு எடுத்துரைத்தது. 1966-இல் அந்நிலையத்தில் விவசாய ஒலிபரப்புக்கெனத் தனிப் பிரிவே ஏற்பட்டது. விளைவு என்ன? மக்கள் அந்த நெல்லை 'ரேடியோ நெல்' என்றே அழைக்கலாயினர். பாடுபட்டு விதையை உருவாக்கியது ஆடுதுறை; பெயரைத் தட்டிச் சென்றதோ ரேடியோ!

இப்பொழுது அந்த ரேடியோவே உருமாறி வருகிறது. டிஜிட்டல் ஒலிபரப்பு என்னும் புது முறையைப் பற்றிக் கேள்விப்பட்ட பஞ்சாயத்து அங்கத்தினர்கள், "நம் ஊருக்கு இது வருமா? இதற்குப் புதுப் பெட்டி வாங்க வேண்டுமா?" என்று வினவுகின்றனர். இக்கேள்விகளுக்கு விடை காணுமுன், முறையின் தன்மையைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம்.

பழைய முறையில் பேச்சும் பாட்டும் மின்னலையின் ஏற்ற இறக்கமாகவே அனுப்பப்படுகின்றன. இடி மின்னலும் பம்புசெட்டு மோட்டாரின் பொறியும் அதைப் போன்ற ஏற்ற இறக்கங்களையே உண்டாக்குகின்றன. பெட்டியால் இரண்டையும் பிரித்தறிய இயலாது. ஆதலால் கரகரப்பும் சேர்ந்தே ஒலிக்கிறது. டிஜிட்டல் முறையில் ஒலி முதலில் எண்களாக மாற்றப்படுகிறது. அவ்வெண்கள் நெருக்கமாக அமைந்த நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றலைகளில் பங்கிட்டு ஏற்றப்படுகின்றன. அவற்றோடு சரிபார்ப்பதற்கான எண்களும் கூடுதலாக அனுப்பப்படுகின்றன. நடவு வயலில் செத்த பயிருக்குப் பதில் நடுவதற்கென்று நாற்றைச் சற்றுக் கூடுதலாக வைத்திருப்போமல்லவா? அதுபோல, வழியில் சில எண்கள் சிதைந்தாலும் பெட்டி தானே அவற்றை நிரப்பிக்கொள்கிறது. கேட்பவர் காதில் விழுவது தெளிவான ஒலி.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. பழைய முறையில் அலை மெலிந்தால் ஒலியும் மெல்ல மெல்லத் தேயும். இரைச்சலினூடே செய்தியை ஒருவாறு காதில் வாங்கிக்கொள்ளலாம். டிஜிட்டல் ஒலியோ ஓர் எல்லைவரை தெளிவாக இருந்து, அதற்குக் கீழே அடியோடு நின்றுவிடும். கேட்டால் முழுவதும் கேட்கும்; இல்லையேல் மௌனம்.

நம் நாட்டில் அகில இந்திய வானொலி மேற்கொண்டிருப்பது டி.ஆர்.எம். என்னும் முறை. 2009-இல் தில்லியிலிருந்து சிற்றலையில் இது தொடங்கிற்று. பின்னர்ச் சென்னை உள்ளிட்ட பல இடங்களில் டிஜிட்டல் வசதியுடன் கூடிய 35 மத்திய அலைப் பரப்பிகள் நிறுவப்பட்டன. ஒரே பரப்பி பழைய ஒலியையும் டிஜிட்டல் ஒலியையும் அருகருகே அனுப்பவும் கூடும். ஒரே அலைவரிசையில் இரண்டு மூன்று நிகழ்ச்சிகளையும், திரையில் தோன்றும் எழுத்துச் செய்திகளையும் அடக்கலாம். பரப்பிக்கு ஆகும் மின்சாரமும் குறைவு. மத்திய அலையின் இயல்பான நெடுந்தூர வீச்சு இதற்கும் உண்டு என்பதே கிராமத்தாருக்கு முக்கியமான செய்தி. பண்பலை ஒலி இனிமையானதுதான். ஆயினும் கோபுரத்தைச் சுற்றிய குறுகிய வட்டத்தோடு அது பெரும்பாலும் நின்றுவிடும்.

இனிப் பெட்டிக்கு வருவோம். வீட்டிலுள்ள பழைய வானொலிப் பெட்டியில் டிஜிட்டல் ஒலிபரப்பு கேட்காது. அந்த அலைவரிசையில் வெறும் இரைச்சலே எழும். இதற்கெனத் தனிப் பெட்டி வேண்டும். அது நம் கடைத்தெருக்களில் எளிதில் கிடைப்பதில்லை. கிடைப்பினும் விலை ஆயிரக்கணக்கில் ஆகிறது. இதில் வேடிக்கை என்னவெனில், டிஜிட்டல் வானொலி முதலில் புகுந்த இடம் குடிசையும் அன்று, பஞ்சாயத்து மன்றமும் அன்று, மோட்டார் காரே! அண்மை ஆண்டுகளில் விற்பனையான பல கார்களின் வானொலியில் இவ்வசதி சேர்த்தே பொருத்தப்பட்டுள்ளது. கார் வைத்திருப்பவர் பலருக்கு இது தெரியாமலே இருக்கிறது.

ஆகவே பஞ்சாயத்துச் செலவில் பெட்டிகள் வாங்கத் தீர்மானம் போடுமுன், ஊரில் புதுக் கார் வைத்திருப்பவர் ஒருவரை அணுகுங்கள். வானொலியின் பட்டியலில் டி.ஆர்.எம். என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருப்பின், மின்கம்பிகளுக்கு விலகிய வெட்டவெளியில் காரை நிறுத்தி, பகலில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் தேடிப் பாருங்கள். பகலில் தரையை ஒட்டி வரும் அலையும், இரவில் வானில் எதிரொலித்து வரும் தொலைதூர அலைகளும் வெவ்வேறு பலன் தரும். இரவில் மட்டும் கேட்பதை நம்பிப் பெட்டி வாங்கலாகாது. உங்கள் ஊரில் டிஜிட்டலாக எந்த நிலையம் கேட்கிறது என்பதை இச்சோதனையே காட்டிவிடும், காசும் செலவில்லை.

சோதனையில் நல்ல பலன் கண்டால் ஒரே ஒரு பெட்டி போதும் என்பது என் கருத்து. அதனை மன்றத்தில் வைத்துக் கூடிக் கேட்கலாம். 1956-இல் புனே வட்டாரத்தில் சுமார் 150 கிராமங்களில் வானொலி மன்றங்கள் அமைத்துப் பார்த்தார்கள். நிகழ்ச்சியைக் கேட்டபின் அதைப் பற்றிக் கூடி விவாதிப்பதே அவற்றின் வேலை. ஒரு பெட்டிக்கு ஒரு கிராமம் என்பது அப்பொழுது பெருங்குறையாக இருக்கவில்லை.

பெட்டியை வைக்கும் இடமும் முக்கியம். எல்.இ.டி. விளக்கு, செல்பேசி மின்னேற்றி, இன்வெர்ட்டர் ஆகியவற்றின் அருகில் வைத்தால் எந்த மத்திய அலை ஒலிபரப்பும் கெடும். சன்னலோரம் வைத்து, பெட்டியை மெல்லத் திருப்பிப் பார்த்தால், உள்ளே இருக்கும் ஏரியல் தண்டு நிலையத்தின் திசைக்குக் குறுக்காக அமையும்போது ஒலி வலுப்படும்.

புதுப் பெட்டி கிடைக்காதவர்கள் வருந்த வேண்டியதில்லை. டி.டி. ஃபிரீ டிஷ் தட்டு உள்ள வீட்டில் தொலைக்காட்சி வழியே வானொலி நிகழ்ச்சிகள் வருகின்றன. மாதக் கட்டணம் இல்லை. செல்பேசியில் 'நியூஸ் ஆன் ஏர்' செயலியில் திருச்சியும் கேட்கலாம். அன்றாடத்துக்கு இவை போதுமானவை. எனினும் இவற்றை மட்டுமே நம்பியிருத்தல் தகாது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்தபோது என்ன நேர்ந்தது? மின்கம்பங்கள் சாய்ந்தன, செல்பேசிக் கோபுரங்கள் செயலற்றன, பல கிராமங்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. தட்டும் செயலியும் அப்போது உதவா. தொலைவிலுள்ள நிலையத்தின் குரலைப் பிடிக்கப் பாட்டரியில் ஓடும் வானொலியே வேண்டும். டி.ஆர்.எம். முறையில் இதற்கென ஓர் ஏற்பாடும் உண்டு: நிலையம் எச்சரிக்கைக் குறி அனுப்பினால், அவ்வசதியுள்ள பெட்டி வேறு நிகழ்ச்சியில் இருந்தாலும் தானே எச்சரிக்கைக்கு மாறிக்கொள்ளும்.

அத்தகைய பெட்டி நம் ஊர்களுக்கு மலிவாக வந்து சேரும்வரை, பழைய மத்திய அலைப் பெட்டியைப் பரணில் போட்டுவிட வேண்டாம். திருச்சியின் 936 கிலோஹெர்ட்ஸில் முள்ளை வைத்துச் சோதித்து, ஐப்பசி மழை தொடங்குமுன் புதுப் பாட்டரிகள் ஒரு தொகுதி வாங்கிப் பஞ்சாயத்து அலுவலகத்தில் வைத்திருங்கள். பாட்டரிகளைப் பெட்டிக்குள்ளேயே மாதக்கணக்கில் விட்டுவிட்டால் கசிந்து தகடுகளை அரித்துவிடும். தனியே உறையில் வைப்பதே நல்லது.