வலசைப் பறவையும் நம் படப்பெட்டியும்

மாசிச் சிவராத்திரிக்குக் கொழும்பிலிருந்து திருக்கேதீச்சரம் செல்லும் நம்மவர், பாலாவியில் நீராடிப் பெருமானை வழிபட்டபின் பெரும்பாலும் அப்படியே ஊர் திரும்பிவிடுகின்றனர். மன்னார் நகரையும் ஒருமுறை பார்த்துவருவோம் என்று எண்ணும் சிலர் மாத்திரம், தள்ளாடியைக் கடந்து தாம்போதி வழியே செல்வர். அத்தாம்போதியின் இருமருங்கும் ஆழமற்ற நீர் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும். ஒருமுறை எம்முடன் வந்த முதியவரொருவர் பேருந்தின் யன்னல்வழியே நோக்கி, "அங்கே வெள்ளை வெள்ளையாய்க் கிடப்பது உப்பாக்கும்" என்றார். பேருந்து சிறிது அணுகியதும் அவ்வுப்பிற் பாதி எழுந்து பறந்தது. சிறகின் உட்புறம் செந்நிறமாய் விரிந்ததைக் கண்டு பேருந்து முழுவதும் ஆரவாரித்தது. அவை பூநாரைகள்.

யான் விலங்கியல் கற்றவனல்லன். புறக்கோட்டைக் கெய்சர் வீதியில் ஒரு புடைவைக் கடையிற் கணக்கெழுதி வாழ்ந்தவன். ஞாயிறு தோறும் படப்பெட்டியைத் தோளிற் கொழுவிக்கொண்டு நீர்நிலைகளைத் தேடிச் செல்வது என் பழக்கம். அப்பழக்கத்தாற் கற்றவற்றையும், ஒரு பெரும்பிழை செய்து கற்றதையும், இவ்விழா மலரிற் பழைய மாணவர்க்கும் இளைஞர்க்கும் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் இடத்தைக் கூறுவேன். தாம்போதியைச் சூழ்ந்துள்ள சேற்றுவெளி, உவர்ப்புல்வெளி, கண்டற்காடு, பரவைக்கடல் ஆகிய யாவும் அடங்கிய பகுதியே வங்காலைச் சரணாலயம். 2008ஆம் ஆண்டிற் சரணாலயமாக்கப்பட்ட இப்பகுதி, 2010இல் உலகமுக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் றம்சார் பட்டியலிற் சேர்க்கப்பெற்றது. அதன் பரப்பு 4,839 ஹெக்டேயர். பருவகாலத்தில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட நீர்ப்பறவைகள் இங்கே கூடுகின்றன. பேருந்திற் கண்ட பூநாரைகள் இலங்கையிற் கூடுகட்டுவதில்லை. கச்சு நாட்டின் ரண் என்னும் உவர்நிலமே அவற்றின் பெயர்பெற்ற பெருங்குடியிருப்பு. அவற்றைத் தவிர ஊசிவால் தாரா, நீலச்சிறகி, கருவால் மூக்கன், பலவகை உள்ளான்கள், உப்புக்கொத்திகள், ஆலாக்கள் முதலியன வருகின்றன. நாமத்தலைத் தாரா என்றொரு பறவையும் கூட்டங்கூட்டமாய் வரும். செங்கபிலத் தலையின் நெற்றியில் இளமஞ்சள் நாமம் தரித்த ஆண்பறவையைக் கண்டால், அதற்குப் பெயரிட்டவர் தமிழரே என்பதில் ஐயம் எழாது. மாந்தையிலிருந்து உள்நாடு நோக்கித் திரும்பினாற் கட்டுக்கரைக்குளம். அங்கே நன்னீர்ப் பறவைகளைக் காணலாம்.

ஆவணியிலேயே முதல் உள்ளான்கள் வரத்தொடங்கும். வாடைக்காற்று நிலைபெறும் ஐப்பசி கார்த்திகையில் வரவு மிகும். பங்குனி சித்திரையில் அவை மீள்கின்றன. நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். சத்திமுத்தப் புலவர் குமரியில் நீராடி வடதிசை மீளும் நாரையைத் தூதுவிட்டதும், அதன் அலகுக்குப் பனங்கிழங்கை உவமை கண்டதும் யாவரும் அறிந்தவை. பறவையை உற்றுப் பார்த்தவர்க்கன்றி அவ்வுவமை வாய்க்காது.

இப்பறவைகள் கடக்கும் தொலைவை அறியாதவன் அவற்றைப் படம்பிடிக்கத் தகுதியற்றவன் என்பது என் கருத்து. 2021இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் மன்னாரிற் சில கடற்காகங்களுக்குச் செய்மதிக் கருவி பொருத்தி விடுத்தனர். அவை இந்தியாவைக் கடந்து, மத்திய ஆசியாவைக் கடந்து, ருஷியாவின் வடமுனைக் கரையை அடைந்தன. பிறிதொரு நாட்டுச் செய்தி இதனினும் வியப்பானது: 2022இல் ஒரு மூக்கன் அலாஸ்காவிலிருந்து தஸ்மேனியா வரை 13,560 கிலோமீற்றரை 11 நாளில், இடையில் ஓரிடத்தும் இறங்காமற் பறந்து முடித்தது. நம் வங்காலைச் சேற்றில் ஓடித்திரியும் கொசு உள்ளானின் நிறை ஏறக்குறைய 25 கிராம், அதாவது ஒரு சிறு பிடி அரிசியின் நிறை. அதுவும் வடமுனைச் சமவெளியிலிருந்தே வருகின்றது.

பறப்பதற்கு அவை எரிப்பது கொழுப்பு. மாசி பங்குனியில் அவை இரவுபகலாக இரைதேடுவது அக்கொழுப்பைச் சேர்ப்பதற்கே. இரை சேற்றில் உள்ளது; நீர் வற்றிய வேளையிலேதான் சேறு வெளிப்படும். ஆகவே அவற்றின் உணவுநேரம் கடிகாரத்தால் அமைந்ததன்று, கடலால் அமைந்தது. இவ்வொரு செய்தியை இளைஞர் மனத்திற் பதித்துக்கொண்டால், பின்வருவன யாவும் தாமே விளங்கும்.

என் பிழையைக் கூறுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசிக் காலையில், பூநாரைக் கூட்டமொன்று தாம்போதிக்குச் சிறிது தொலைவில் தலைகவிழ்ந்து மேய்ந்துகொண்டிருந்தது. எனக்கு வேண்டியதோ பறக்கும் பூநாரையின் படம். ஒருமணி நேரம் காத்திருந்தேன், அவை பறக்கவில்லை. பொறுமையிழந்து செருப்பைக் கழற்றிவைத்துச் சேற்றில் இறங்கி, அவற்றை நோக்கிக் கைவீசி நடந்தேன். கூட்டம் முழுவதும் எழுந்தது. அதனருகே யான் கவனியாதிருந்த நூற்றுக்கணக்கான உள்ளான்களும் எழுந்தன. படம் மிக நன்றாக வாய்த்தது. கரையேறியபோது, வலையைத் தோளிலிட்ட முதிய கடற்றொழிலாளர் ஒருவர் நின்றிருந்தார்.

"தம்பி, அதுகள் தீன் பொறுக்கிற நேரம் எழுப்பிப் போட்டீங்களே. இனித் தண்ணி பெருகினாப் பிறகு எங்க போய்த் தின்னும்?"

அவர் கோபமாய்க் கூறவில்லை. கூறிவிட்டு நடந்தார். யான் சேறு காய்ந்த காலுடன் நின்று நீரை நோக்கினேன். அரைமணி நேரத்துள் யான் நடந்த தடங்களை நீர் மூடிவிட்டது. எழுந்த கூட்டம் அன்று அவ்விடத்துக்கு மீளவில்லை.

ஆகவே, என் பாடத்தின் முதற்பகுதி படப்பெட்டியைப் பற்றியதன்று, தூரத்தைப் பற்றியது. எத்தனை முழம் என்று அளவு கூற இயலாது. பறவையே அளவைக் கூறும். மேயும் பறவை தலைநிமிர்ந்து உம்மை நோக்கினால் அது முதல் அறிவிப்பு. மேய்ச்சலை விட்டு மெல்ல அப்பால் நடக்கத் தொடங்கினால் இரண்டாவது. ஒன்று குரலெழுப்ப, மற்றவை ஒருதிசை நோக்கித் திரும்பி நின்றால், அடுத்த கணம் எழும்பும். முதல் அறிவிப்பிலேயே நின்றுவிடுதல் வேண்டும். இரண்டாவதிற் பின்வாங்குதல் வேண்டும். நின்ற மோட்டார்வண்டியைப் பறவைகள் பொருட்படுத்துவதில்லை. அதிலிருந்து இறங்கும் மனிதனையே அஞ்சுகின்றன. ஆதலால் தாம்போதியில் இடையூறில்லாத இடத்தில் வண்டியை நிறுத்தி, யன்னற் கண்ணாடியை இறக்கி, ஒரு சிறு மணற்பையின்மீது வில்லையைச் சார்த்தி எடுப்பதே எல்லா முறைகளிலும் சிறந்தது. ஆளில்லாச் சிறு வானூர்தியை அவை பருந்தென்றே கொள்ளும் போலும். அது தலைக்குமேல் வரின் ஒரு கூட்டமன்று, வெளி முழுவதும் எழும்.

மறைந்திருந்து எடுக்கும் கலை பழையது. இங்கிலாந்தின் கேட்டன் சகோதரர், 1895இல் முழுவதும் ஒளிப்படங்களாலேயே விளக்கப்பட்ட பறவைக்கூட்டு நூலை வெளியிட்டவர். அவர்கள் உள்ளே குடைந்த எருதின் தோலுள் ஒளிந்திருந்தும் படமெடுத்தனர். நமக்கு எருதுத்தோல் வேண்டியதில்லை; சேற்று நிறத்துச் சாக்குத் துணியும் அசையாதிருக்கும் உடம்பும் போதும். இரண்டாவது பொருள் கடையிற் கிடையாது.

இனி ஒளியைப் பற்றிச் சில சொற்கள். மன்னாரில் நல்லொளி காலையில் சூரியன் எழுந்து இரண்டு மணி நேரமும், மாலையில் அடைவதற்கு முந்திய ஒருமணி நேரமுமே. ஒன்பது மணிக்குப்பின் உவர்நிலத்திற் கானல் எழும். தொலைநோக்கு வில்லைக்கு அதுவே கொடிய பகை. எத்துணை விலையுயர்ந்த வில்லையாயினும், நடுங்கும் காற்றினூடே தெளிந்த படம் தராது. புதியவர் பலர் படம் மங்கிவிட்டதென்று கருவியைக் குறைகூறுவது இக்கானலின் குற்றத்தையே.

வெண்பறவை படமெடுப்போரை ஏமாற்றும். படப்பெட்டியின் ஒளிமானி காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல்நிறமென எண்ணி அளவிடுகின்றது. கருஞ்சேற்றின்முன் நிற்கும் வெண்கொக்கை அதன் போக்கில் விட்டால், சேறு வெளுத்து, கொக்கு இறகின் வரியெல்லாம் அழிந்து, காகிதம்போல் ஆகிவிடும். அங்கே ஒளியை ஒருபடி குறைக்க வேண்டும். வெளிறிய வானத்தின்முன் பறக்கும்போதோ ஒருபடி கூட்டவேண்டும். இன்றேல் பறவை கரிக்கட்டையாகும். பறக்கும் ஆலாவுக்கு வினாடியின் 2000இல் ஒரு பங்கு வேகம் தேவை. நின்று மேயும் நாரைக்கு 500இல் ஒரு பங்கு போதும். கூர்மையைக் கண்ணில் வைக்க. கண் தெளிந்தால் வாலின் மங்கலை யாரும் குறைகூறார். கருவி எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நன்று. நீர்மட்டத்துக்கு அணித்தாய் எடுத்த படத்திற் பறவை தன் உலகில் நிற்கும். மேலிருந்து எடுத்தால் நம் காலடியில் நிற்கும்.

இவற்றையெல்லாம் பழக மன்னாருக்கு 300 கிலோமீற்றர் செல்ல வேண்டுவதில்லை. புறக்கோட்டையில் 240ஆம் இலக்க நீர்கொழும்புப் பேருந்தில் ஏறினால் முத்துராசவெலச் சதுப்புநிலத்தின் அயலில் இறங்கலாம். முன்னொரு காலத்தில் நெல்விளைந்த அந்நிலம், வெட்டிய கால்வாயின்வழி உப்புநீர் ஏறியதாற் சதுப்பாயிற்று என்பது வரலாறு. அதன் வடபகுதி 1996இற் சரணாலயமாயிற்று. 2013இல் திறந்த கட்டுநாயக்கா விரைவுப்பாதையோ அச்சதுப்பினூடே செல்கின்றது. தெற்கே பெல்லன்வில அத்திடியச் சதுப்பு 1990 முதற் சரணாலயம். பேரை வாவியின் கூழைக்கடாக்களைப் படம்பிடிக்கப் பேருந்தும் வேண்டா. மதியவுணவு வேளை போதும். கொழும்பு 2018இல் றம்சார் ஈரநில நகரமெனச் சிறப்பிக்கப்பட்டது. நம்மவருட் பலர் இச்செய்தியை அறியாதிருப்பது வியப்பே.

இனி நிலக்காட்சி. பறவைப் படமெடுப்போர் பெரும்பாலும் நிலத்தை மறந்துவிடுகின்றனர். சட்டம் முழுவதும் ஒரு பறவை நிறைந்து நிற்க, அது மன்னாரா, கோடிக்கரையா, ஆபிரிக்காவா என்று அறியமுடியாத படங்களே போட்டிகளிற் பரிசு பெறுகின்றன. யான் இதனை ஒப்புக்கொள்வதில்லை. தமிழ்நாட்டில் நாவலாசிரியர் மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் (1912–1996), பல கருவிகளின் உறுப்புக்களைக் கூட்டித் தாமே ஆக்கிய படப்பெட்டியால் கறுப்பு வெள்ளையிலேயே வாழ்நாள் முழுவதும் காட்டுயிர்களைப் படம்பிடித்தார். வண்ணம் இல்லாமையால் அவர் ஒன்றையும் இழந்தாரென்று எனக்குத் தோன்றவில்லை. நிழலும் ஒளியும் நிலத்தின் வடிவை அங்கே காட்டுகின்றன. வங்காலையில் விளிம்புநிலை நீர், தொலைவிற் கண்டற்காட்டின் கருங்கோடு, அதன்முன் நாமத்தலைத் தாராக்கள் மிளகு தூவியதுபோல். தொடுவானை மேல்மூன்றிலொரு பங்கில் வைத்தால் நீருக்கு இடம் கிடைக்கும். மழைமேகம் கருத்த மார்கழியில் அதனைக் கீழே இறக்கி வானுக்கு இடங்கொடுக்க.

இவ்வாறு எடுத்த படத்துக்கு மற்றொரு பயனும் உண்டு. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020இல் தம்பபவனி என்னும் காற்றாலை தொடங்கப்பெற்றது, 30 கோபுரங்கள். தீவில் மேலும் பெரிய காற்றாலை அமைக்க வந்த அதானி நிறுவனம், பறவைகளின் வழியை முன்னிட்டுச் சூழலியலாளர் நீதிமன்றம் சென்றபின், 2025இல் அத்திட்டத்தைக் கைவிட்டது. விலைபற்றிய இணக்கமின்மையும் உடன் இருந்தது. மின்சாரம் வேண்டாமென்று கூறுவார் யாருமிலர். கோபுரம் எவ்விடத்தில் நிற்பது என்பதே வழக்கு. அத்தகைய வழக்குகளில், எந்த வெளியில், எந்த மாதத்தில், எத்திசையிற் பறவைகள் இருந்தன என்று காட்டும் படமே சாட்சியாகும். பறவையின் கண்ணிமை மாத்திரம் தெரியும் படம் அங்கே வாய்திறவாது. ஆகையால் ஒவ்வொரு படத்தின் பின்னும் நாள், நேரம், இடம், நீர் பெருகியதா வற்றியதா என்பவற்றை எழுதிவைத்தல் நன்று. கணக்கெழுதிப் பழகிய கைக்கு இது பாரமன்று.

அன்று சேற்றில் இறங்கி எடுத்த பூநாரைப் படத்தைக் கடை முதலாளி பெரிதாக்கிக் கண்ணாடியிட்டு என் மேசைக்குமேல் மாட்டியிருந்தார். வருவோரெல்லாம் புகழ்ந்தனர். சில காலம் பொறுத்து அதனைக் கழற்றிவிட்டு, மறு ஆண்டு வண்டியினுள்ளிருந்து எடுத்த வேறொன்றை மாட்டினேன். அதிற் பெரும்பகுதி நீர். ஓர் ஓரத்திற் கண்டல். நடுவே தலைகவிழ்ந்து மேயும் புள்ளிகள். புடைவை வாங்க வரும் தாய்மார் அதனை அண்ணாந்து நோக்கி, "பறவை எங்கே, ஐயா?" என்று கேட்பதுண்டு. யான் எழுந்து சென்று விரலாற் காட்டுவேன்.