தவறைச் சொல்லும் குழுவே புதியதைப் படைக்கும்

நீங்கள் கைப்பேசியில் பயன்படுத்தும் பெரும்பாலான செயலிகள் தனி ஒருவரால் உருவானவை அல்ல. அவற்றின் பின்னால் ஒரு மென்பொருள் குழு இருக்கிறது. சில குழுக்களில் புதிய யோசனைகள் பிறந்துகொண்டே இருக்கின்றன. வேறு சில குழுக்களில் திறமைசாலிகள் இருந்தும் பழையதே திரும்பத் திரும்ப வருகிறது. இதற்குக் காரணம் என்ன? இவ்வாரம் அறிந்துகொள்வோம்.

வியப்பளித்த தரவு

இதற்கான விடை ஒரு மருத்துவமனை ஆய்வில் தொடங்குகிறது. 1990களில் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வு மாணவியான ஏமி எட்மண்ட்சன், நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நன்கு ஒத்துழைக்கும் குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்பதே அவர் எதிர்பார்ப்பு. தரவு அதற்கு நேர்மாறாக இருந்தது. நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன!

நல்ல குழுவினர் அதிகம் தவறு செய்தார்களா? இல்லை. அவர்கள் தவறை மறைக்காமல் சொன்னார்கள். மற்றக் குழுக்களில் ஏச்சுக்குப் பயந்து மறைத்தார்கள் என்ற விளக்கத்திற்கு எட்மண்ட்சன் வந்தார். தரவு காட்டியது, நடந்த தவறுகளை அல்ல. வெளியே வந்த தவறுகளை மட்டுமே. தயக்கமின்றிப் பேச இடமளிக்கும் இந்தச் சூழலை, 1999இல் வெளிவந்த தம் ஆய்வுக் கட்டுரையில் ‘உளவியல் பாதுகாப்பு’ என்று அவர் விளக்கினார்.

2012இல் கூகல் நிறுவனமும் இதே கேள்வியை எழுப்பியது. பொறியாளர் குழுக்கள் உட்பட 180க்கும் மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்தது. குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைவிட, அவர்கள் எப்படிச் சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்பதே முக்கியம் எனத் தெரிந்தது. அதிலும் முதலிடம் பெற்றது உளவியல் பாதுகாப்பு.

இதற்கும் புதிய யோசனைக்கும் என்ன தொடர்பு? புதிய யோசனை எதுவும் முழுமையாகப் பிறப்பதில்லை. அது தவறாகவும் இருக்கலாம். ஆகவே, தவறுக்குப் பயப்படுபவர் யோசனையையும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வார்.

சோதித்துப் பார்க்க ஒரு கிளை

தைரியம் மட்டும் போதாது; தவறினாலும் சேதம் வராத வழியும் வேண்டும். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் உருவாக்கப் பணிக்காக ‘கிட்’ என்ற கருவியை எழுதினார். இன்று உலகெங்கும் மென்பொருள் குழுக்கள் அதைப் பயன்படுத்துகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. உங்கள் குழு பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்கு முன்பதிவுச் செயலி ஒன்றைச் செய்கிறது. கூட்டம் அதிகமான நேரத்தைச் சிவப்பு நிறத்தில் காட்டலாம் என்று ஒரு மாணவி நினைக்கிறார். கிட் கருவியில் அவர் ஒரு ‘கிளை’ தொடங்கலாம். மூல நிரல் அப்படியே இருக்கும். மாற்றங்கள் கிளையில் மட்டுமே நடக்கும். பிறகு, சகாக்கள் நிரலைப் படித்துக் குறை கூறுவார்கள். சோதனைகளை இயக்கிப் பார்ப்பார்கள். சரியாக இருந்தால் கிளையை மூலத்தோடு இணைப்பார்கள். இல்லாவிட்டால் விட்டுவிடுவார்கள். நட்டம் சில மணி நேர உழைப்பு மட்டுமே; கற்றுக்கொண்டது மிச்சம்.

ஒன்றைக் கவனியுங்கள். உளவியல் பாதுகாப்பு என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது அன்று. நிரலில் குறை இருந்தால் சொல்லத்தான் வேண்டும். குறையை நிரலின்மீது சொல்கிறோம், எழுதியவர்மீது அல்ல.

உங்கள் குழுப்பணியில் செய்து பாருங்கள்

1. கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது பேசட்டும். தலைவர் கடைசியில் பேசட்டும்.

2. பிழை நேர்ந்தால் “யார் செய்தது?” என்று கேட்காதீர்கள். “எப்படி நேர்ந்தது? அடுத்த முறை எப்படித் தடுப்பது?” என்று கேளுங்கள்.

3. புதிய யோசனையை நகலில் சோதியுங்கள். மூலத்தைத் தொடாதீர்கள்.

சிந்திக்க

ஒரே அளவு வேலை செய்த இரண்டு குழுக்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் பிழைப் பட்டியலில் 40 பிழைகள், மற்றொன்றில் 4. எது சிறந்த குழு? விடை சொல்வதற்குமுன், உங்களுக்கு இன்னும் என்னென்ன தகவல்கள் தேவை என்று எழுதிப் பாருங்கள். உங்கள் குழுவில் இதுவரை வாய் திறக்காத நண்பரிடமும் கேளுங்கள்.