எந்த டிஸ்க் வாங்கலாம்?

ஸ்ரீராமபுரத்தில் எங்கள் மாலை வகுப்பு நடக்கிறது. வகுப்புக்கு ஒரு அக்கா வருகிறார். அவரும் அவர் வீட்டுக்காரரும் சின்னதாக ஒரு போட்டோ கடை வைத்திருக்கிறார்கள். வகுப்பில் எல்லோரும் அவரைப் 'போட்டோக்கடை அக்கா' என்றுதான் கூப்பிடுவோம்.

ஒரு நாள் அக்கா வகுப்புக்கு வந்தார். பலகையைத் திறக்கவில்லை. புத்தகத்தையும் எடுக்கவில்லை. முகம் வாடி இருந்தது.

"என்ன அக்கா?" என்று கேட்டேன்.

"காலையில ஒரு பொண்ணு கடைக்கு வந்துச்சு தம்பி. அதோட கல்யாணத்துக்கு நாங்கதான் படம் எடுத்தோம். அப்பா தவறிட்டாராம். பதினாறாம் நாளுக்குப் பெரிசா ஒரு படம் போடணுமாம். அவர் சிரிச்ச முகமா இருக்கிற படம் கல்யாணப் படம் ஒண்ணுதானாம்."

"எடுத்துக் கொடுத்தீர்களா?"

"எங்கே கொடுக்கிறது? கம்ப்யூட்டர்ல டிஸ்க் செத்துப்போச்சு. டிக் டிக்குன்னு சத்தம் வருது. ஒண்ணும் திறக்கல. நாலு வருஷத்துப் படம் எல்லாம் அதுலதான் இருந்துச்சு."

வகுப்பில் யாரும் பேசவில்லை.

அந்த டிஸ்க்கை ரிப்பேர் செய்யும் இடத்தில் காட்டினார்கள். டிஸ்க்கின் விலையைப் போலப் பல மடங்கு கேட்டார்கள். படம் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. அக்கா அழுதுவிட்டார்.

மகளிர் சங்கத்தில் அக்கா கடன் வாங்கினார். புதிய டிஸ்க் வாங்க வேண்டும். "இந்தத் தடவை ஏமாறக் கூடாது. நீயும் வா தம்பி" என்றார். நானும் போனேன். அங்கே நாங்கள் கற்றதைத்தான் இந்தப் பாடத்தில் படிக்கப் போகிறோம்.

ஹார்டு டிஸ்க் என்றால் என்ன?

கம்ப்யூட்டரில் படம், கணக்கு, கடிதம் எல்லாம் தங்கி இருக்கும் இடம்தான் ஹார்டு டிஸ்க். நம் வீட்டு டிரங்குப் பெட்டி மாதிரி. மின்சாரம் போனாலும் உள்ளே இருப்பது அழியாது.

அதன் உள்ளே வழவழப்பான வட்டத் தட்டுகள் இருக்கின்றன. அவை வேகமாகச் சுற்றும். தட்டின் மேல் ஒரு சிறிய முனை போய் வரும். அது தட்டைத் தொடாது. தலைமுடியை விட மிகக் குறைந்த இடைவெளியில் மிதக்கும். அந்த முனைதான் எழுதுகிறது. அதுதான் படிக்கிறது.

அதனால்தான் ஓடும் டிஸ்க்கைத் தட்டக் கூடாது. கீழே போடக் கூடாது. முனை தட்டில் உரசினால் எழுதியது அழிந்துவிடும்.

முதல் ஹார்டு டிஸ்க் 1956-இல் வந்தது. அமெரிக்காவில் ஐ.பி.எம். என்ற கம்பெனி செய்தது. அதில் 50 தட்டுகள். ஒவ்வொரு தட்டும் 2 அடி அகலம். எடை ஏறக்குறைய ஒரு டன். இவ்வளவு பெரிய பெட்டியில் 50 லட்சம் எழுத்துகள்தான் அடங்கும். இன்று அக்கா எடுக்கும் ஒரே ஒரு போட்டோ அதை நிரப்பிவிடும்.

எஸ்.பி. ரோடு

பெங்களூரில் கம்ப்யூட்டர் சாமான் என்றால் எஸ்.பி. ரோடுதான். சதர் பத்ரப்பா ரோடு என்பது முழுப் பெயர். நாங்கள் ஸ்ரீராமபுரத்தில் மெட்ரோ ஏறினோம். கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கினோம். டவுன் ஹால் பக்கமாக நடந்தோம்.

நெருக்கமான தெரு. இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கடைகள். ஒயர், ஸ்பீக்கர், கீ போர்டு எல்லாம் தொங்குகின்றன.

"பன்னி, பன்னி" என்று ஒரு கடைக்காரர் கன்னடத்தில் கூப்பிட்டார். நாங்கள் பேசுவதைக் கேட்டதும், "தமிழா? வாங்க அக்கா, என்ன வேணும்?" என்றார்.

"4 டி.பி. டிஸ்க் ஒண்ணு வேணும்" என்றார் அக்கா.

நான் அக்காவைத் தனியே அழைத்தேன். "உங்களுக்கு 4 டி.பி. வேண்டுமா அக்கா? கணக்குப் போட்டுப் பாருங்கள்" என்றேன்.

ஒரு ஆங்கில எழுத்துக்கு வேண்டிய இடம் ஒரு பைட். 1 டி.பி. என்பது 1 லட்சம் கோடி பைட். அதாவது 10 லட்சம் எம்.பி. அக்காவின் ஒரு போட்டோவுக்கு ஏறக்குறைய 5 எம்.பி. இடம் வேண்டும். ஒரு வருடத்தில் சுமார் 30,000 போட்டோ சேருகிறது.

அக்கா பில் தாளின் பின்பக்கம் எழுதினார்.

30,000 x 5 = 1,50,000 எம்.பி.

"பத்து வருஷத்துக்கு 15 லட்சம் எம்.பி. தம்பி. அப்போ 2 டி.பி. போதுமே!"

"போதும். பெரிய டிஸ்க் ஒன்றுக்குப் பதிலாகச் சின்ன டிஸ்க் இரண்டு வாங்கலாம். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும்."

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். அந்தப் பெண்ணின் நினைவு வந்திருக்கும். "ரெண்டு வாங்குவோம்" என்றார்.

இரண்டு பெட்டிகள்

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை மேசையில் வைத்தார். இரண்டும் 2 டி.பி. இரண்டும் ஒரே அளவு. ஒன்றின் விலை மட்டும் 400 ரூபாய் கூடுதல்.

"ரெண்டும் ஒண்ணுதான் அக்கா. எதை வேணும்னாலும் எடுங்க" என்றார் அவர்.

"ஒண்ணுன்னா விலை ஏன் வேற?" என்று கேட்டார் அக்கா.

பெட்டியில் இருந்தது ஆங்கிலம். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் எண்கள் எல்லா இடத்திலும் ஒன்றுதானே? அக்கா விரல் வைத்துப் படித்தார். ஒரு பெட்டியில் 7200 என்று இருந்தது. மற்றதில் 5400 என்று இருந்தது.

அது தட்டு சுற்றும் வேகம். நம் வீட்டு மின்விசிறி ஒரு நிமிடத்தில் 300 தடவைக்கு மேல் சுற்றும். இந்தத் தட்டு ஒரு நிமிடத்தில் 5400 தடவை சுற்றும். மற்றது 7200 தடவை சுற்றும். வேகமாகச் சுற்றினால் படம் சீக்கிரம் திறக்கும். ஆனால் சூடும் சத்தமும் கொஞ்சம் கூடும். மெதுவாகச் சுற்றினால் வேலை கொஞ்சம் தாமதம். மின்சாரச் செலவு குறைவு.

எது நல்லது? வேலையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மாடு உழவுக்கா, பாலுக்கா என்று கேட்டுத்தானே வாங்குகிறோம்?

இன்னொரு வேறுபாடும் உண்டு. அது பெட்டியில் தெரியாது. சில டிஸ்க்கில் எழுதும் வரிகள் தனித்தனியாக இருக்கும். சில டிஸ்க்கில் கூரை ஓடு போல ஒன்றின் மேல் ஒன்று ஏறி இருக்கும். இதனால் குறைந்த இடத்தில் நிறைய எழுதலாம். ஆனால் நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமானால் பக்கத்து ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டும் அல்லவா? அதுபோல, எழுதியதை மாற்றி மாற்றி எழுதினால் இந்த டிஸ்க் மிகவும் தாமதமாகும். ஒரு முறை எழுதிப் பத்திரமாக வைக்க இது போதும்.

இந்த ஓட்டு முறையைச் சொல்லாமலே சில டிஸ்க்குகளை விற்றார்கள். அது 2020-இல் உலகம் முழுவதும் தெரிய வந்தது. வாங்கியவர்கள் கேள்வி கேட்டார்கள். அதன் பிறகு எந்த டிஸ்க் எந்த முறை என்று கம்பெனிகள் வெளியே சொல்லின. மாடல் எண்ணை வைத்துக் கம்பெனியின் இணையதளத்தில் பார்க்கலாம்.

நாங்களும் பார்த்தோம். 5400 டிஸ்க் ஓட்டு முறை. 7200 டிஸ்க் தனி வரி முறை.

அக்கா முடிவு செய்தார். "வேகமானது கடைக் கம்ப்யூட்டருக்குள்ள இருக்கட்டும். தினமும் அதுல வேலை செய்யணும். மெதுவானதை நகலுக்கு வெச்சுக்கலாம். வாரம் ஒரு தடவை படத்தை அதுல ஏத்திட்டு, அம்மா வீட்டு பீரோவுல வெச்சிடறேன்."

இரண்டில் எது என்று கேட்டுப் போனோம். இரண்டுக்கும் வேலை இருந்தது.

பாதி விலை டிஸ்க்

அப்போது கடைக்காரர் மூன்றாவதாக ஒன்றை எடுத்தார். பெட்டி இல்லை. "இதுவும் 2 டி.பி.தான். பாதி விலை. புதுசு மாதிரி ஓடும்" என்றார்.

அக்காவின் கண் அதன் மேல் போனது. கடன் பணம் அல்லவா?

ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒரு வரிசை எண் உண்டு. அந்த எண் வேறு எந்த டிஸ்க்குக்கும் இராது. கம்பெனியின் இணையதளத்தில் அதைப் போட்டால் உத்தரவாதம் எந்தத் தேதி வரை என்று தெரியும். அக்கா ஒவ்வொரு எழுத்தாகக் காட்டினார். நான் போனில் போட்டேன். உத்தரவாதம் முடிந்து இரண்டு வருடம் ஆகி இருந்தது. அது பழைய டிஸ்க்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. பழைய டிஸ்க்குகளைப் புதியவை என்று விற்றது 2025-இல் ஜெர்மனியிலும் வெளிவந்தது. ஓடிய மணிக் கணக்கைக்கூட அழித்து விற்றிருந்தார்கள்.

"வேண்டாங்க. பெட்டியில இருக்கிறதே கொடுங்க" என்றார் அக்கா.

பெட்டியில் உள்ள எண்ணும் டிஸ்க்கில் உள்ள எண்ணும் ஒன்றா என்று அவரே பார்த்தார். ஜி.எஸ்.டி. பில் கேட்டார். பில்லில் இரண்டு வரிசை எண்களையும் எழுதச் சொன்னார். நகல் டிஸ்க்கை வெளியில் இருந்து செருக ஒரு டப்பாவும் வாங்கினார். கணக்குப் போட்ட பணத்துக்கு மேல் கொஞ்சம் ஆனது. கைக்காசு போட்டுக் கட்டினார்.

1.81 ஏன்?

மறுநாள் அக்கா என்னிடம் ஓடி வந்தார். "2 டி.பி.ன்னு வாங்கினோம். கம்ப்யூட்டர் 1.81ன்னு காட்டுது. ஏமாந்துட்டோமா?"

ஏமாறவில்லை. கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது. கம்ப்யூட்டர் 1024, 1024 ஆக எண்ணுகிறது. நெல் அதே நெல்தான். படிதான் வேறு.

உத்தரவாதம் எதற்கு?

இரண்டு வருட உத்தரவாதம் என்றால் என்ன? டிஸ்க் கெட்டால் வேறு டிஸ்க் தருவார்கள். உள்ளே இருந்த படத்தைத் தர மாட்டார்கள். எந்த டிஸ்க்கும் ஒரு நாள் நிற்கும். விலை கூடிய டிஸ்க்கும் நிற்கும். படத்தைக் காப்பது நகல் மட்டுமே.

இப்போது அக்கா வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை நகல் எடுக்கிறார். ஒரு நோட்டில் தேதி எழுதுகிறார். அவர் கையெழுத்திலேயே எழுதுகிறார்.

அந்தப் பெண்ணின் அப்பா படம்? உறவினர் ஒருவரின் போனில் சின்னதாக ஒரு படம் கிடைத்தது. தெளிவு குறைவு. அக்கா அதைப் பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

நினைவில் வைப்போம்

1. என்ன வேலைக்கு என்று முதலில் யோசிப்போம். பிறகு வாங்குவோம்.
2. பெட்டியில் உள்ள எண்களைப் படிப்போம்.
3. வரிசை எண்ணைச் சரி பார்ப்போம். பில் வாங்குவோம்.
4. கடைக்காரர் ஏமாற்றினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம்.
5. முக்கியமானதை இரண்டு இடத்தில் வைப்போம்.

பேசுவோம்

1. அக்கா ஏன் 4 டி.பி. டிஸ்க் வாங்கவில்லை?
2. பாதி விலை டிஸ்க் பழையது என்று எப்படித் தெரிந்தது?
3. உங்கள் வீட்டில் தொலைந்தால் திரும்பக் கிடைக்காத படம் எது? அது எங்கே இருக்கிறது? நகல் உண்டா?

கணக்குப் போடுவோம்

1. ஒரு நிமிடத்தில் 5400 சுற்று. ஒரு விநாடியில் எத்தனை சுற்று?
2. ஒரு நிமிடத்தில் 7200 சுற்று. ஒரு விநாடியில் எத்தனை சுற்று?
3. ஒரு படம் 5 எம்.பி. 20 லட்சம் எம்.பி. இடத்தில் எத்தனை படம் வைக்கலாம்?

(விடை: 90, 120, 4 லட்சம்)