உறைபனிக் காலையில் ஊட்டியை நடந்தே பாருங்கள்

கூடலூரை அடுத்த ஸ்ரீமதுரைப் பக்கம் பனி என்றால் மூடுபனிதான். புல் வெள்ளையாக உறைந்து கிடப்பதைப் பார்க்க டிசம்பர், ஜனவரியில் ஊட்டிக்கு ஏற வேண்டும். அங்கே காரில் சுற்றுவதைவிட நடப்பதே மேல். மேகமும் காற்றும் இல்லாத இரவில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் தேங்குகிறது. அதனால் தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்ந்த வெட்டவெளிகளில்தான் உறைபனி அதிகம். மரத்தடியில் அவ்வளவாகப் படியாது. வெயில் பட்டதும் கரைந்தும் விடும். ஆவி படிந்த கார்க் கண்ணாடி வழியே இதையெல்லாம் காண முடியாது.

நடந்தால் குளிர் தாங்காதே என்பார்கள். நடக்கும் உடல் தானே சூடேறும். வியர்வை ஈரம்தான் பிறகு நடுக்கும். ஆகவே தடித்த ஸ்வெட்டர் ஒன்றைவிட மெல்லிய உடுப்புகள் மூன்று நல்லது. வேண்டியபோது ஒன்றைக் கழற்றலாம். உறைந்த புல்லில் கேன்வாஸ் ஷூ சீக்கிரம் நனைந்துவிடும்; பையில் உலர்ந்த காலுறை ஒரு ஜோடி இருக்கட்டும். பின்லாந்தின் ஹெல்சின்கியில் நடைபாதைப் பனிக்கட்டிமேல் சரளைக்கல் தூவுகிறார்கள். இங்கே அந்த ஏற்பாடு இல்லை. சரிவில் பாதம் முழுக்க ஊன்றிச் சிறு அடியாக நடங்கள். மூச்சுத்திணறல் உள்ளவர்கள் வெயில் ஏறியபின் கிளம்பலாம்.

இருட்டிலேயே புறப்பட்டால்தானே விடியலில் சேர முடியும் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் கூடலூர் வட்டாரத்தில் அந்நேரம் யானை நடமாட்டம் உண்டு. முந்தின நாளே ஊட்டி போய்த் தங்குங்கள். குளிருக்காக மூடிய அறைக்குள் கரி அடுப்பு மட்டும் வைக்காதீர்கள்; அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயு தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.