ஹேக்கர் என்றால் திருடனா?

"பையன் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கம்ப்யூட்டர் முன்னாடியே உட்கார்ந்திருக்கான். கேட்டா ஹேக்கிங் கத்துக்கிறேன்னு சொல்றான்." ஒரு தாய் இப்படிச் சொன்னால் கேட்பவர் மனதில் உடனே வருவது போலீஸும் வழக்கும்தான். வங்கிக் கணக்கில் பணம் போனாலும், யாருடைய வாட்ஸ்அப் பறிபோனாலும் 'ஹேக்கர்கள் கைவரிசை' என்றே செய்தி வருகிறது. அதனால் பல வீடுகளில் பெற்றோர் கணினியையே பிடுங்கிப் பூட்டி வைத்துவிடுகிறார்கள். பயத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை பார்த்துவிடுவோம்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் மாணவர்கள் நடத்திய பொம்மை ரயில் மன்றம் ஒன்று இருந்தது. பெரிய மேசை. அதன் மேலே தண்டவாளம், சின்னச் சின்ன வீடுகள், மரங்கள். அதன் அடியிலோ சிக்கலான வயர்கள், டெலிபோன் நிலையங்களில் பயன்படும் ரிலேக்கள். சிலருக்கு மேலே வர்ணம் பூசி அழகு பார்ப்பதில் மகிழ்ச்சி. வேறு சிலர் எப்போதும் மேசைக்கு அடியில்தான் கிடப்பார்கள். எந்த ரயிலுக்கு எப்படி மின்சாரம் போகிறது, டெலிபோன் டயலைச் சுழற்றி அதை ஓட்ட முடியுமா என்பதே அவர்கள் கவலை. இப்படி யோசித்துக் கண்டுபிடித்த நல்ல வேலைப்பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர்தான் 'ஹேக்'. மன்றத்தின் உறுப்பினர் பீட்டர் சாம்சன் 1959-ல் தொகுத்த அவர்களது சொல் பட்டியலிலேயே அது இடம்பெற்றிருக்கிறது.

1958-ல் அங்கே டி.எக்ஸ்-0 என்ற கணினி வந்தது. ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் இயந்திரம். பகலில் ஆய்வாளர்கள் நேரம் ஒதுக்கிப் பயன்படுத்துவார்கள். இந்த மாணவர்கள் இரவில் காத்திருந்து, பதிவு செய்தவர் வராவிட்டால் அந்த நேரத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். பாடத்திட்டத்தில் இல்லை, மதிப்பெண் இல்லை, யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. ஒலிபெருக்கியில் சத்தம் மட்டும் எழுப்பிக்கொண்டிருந்த அந்தக் கணினியை சாம்சன் இசை வாசிக்க வைத்தார். 1962-ல் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் பி.டி.பி-1 கணினியில் 'ஸ்பேஸ்வார்' என்ற விண்வெளி விளையாட்டை எழுதினார்கள். அதன் பின்னணியில் கண்டபடி புள்ளிகள் இருந்தது சாம்சனுக்குப் பிடிக்கவில்லை. வானத்தில் உள்ளபடியே நட்சத்திரங்கள் தெரிய அவர் தனியாக ஒரு நிரல் எழுதிச் சேர்த்தார். யாரும் இதை விலைக்கு விற்கவில்லை. கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள், வாங்கியவர்கள் மேலும் திருத்தினார்கள்.

பிற்காலத்தில் பிறர் கணினிக்குள் புகுந்தவர்களையும் பத்திரிகைகள் இதே பெயரால் அழைக்கத் தொடங்கின. பழைய ஹேக்கர்களுக்கு இது பெரிய வருத்தம். அப்படிப்பட்டவர்களை 'கிராக்கர்' என்று சொல்லுங்கள் என்று 1980களிலேயே கேட்டுக்கொண்டார்கள். எடுபடவில்லை.

நமக்கு இது புதிய சங்கதி அல்ல. ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்கள் மூவர், தானாக இயங்கும் நீரூற்றுகள், விளக்குகள் என ஏறக்குறைய நூறு கருவிகளை விளக்கி ஒரு நூல் எழுதினார்கள். அதன் பெயர் 'கிதாபுல் ஹியல்'. ஹீலா என்பதன் பன்மையே ஹியல். ஹீலா என்றால் மார்க்கச் சட்டத்துக்குக் குறுக்கு வழி தேடுவது என்றுதான் நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். அதே சொல்லுக்குத் திறமையான உபாயம், நுட்பமான கருவி என்ற பொருளும் உண்டு. 'ஹேக்' போலவே ஒரே சொல்லில் நல்லதும் கெட்டதும்! 1206-ல் கடிகாரங்களையும் நீர் இறைக்கும் இயந்திரங்களையும் விவரித்து நூலை முடித்த அல் ஜஸரீயும் இந்த வழியில் வந்தவரே.

எம்.ஐ.டி. மாணவர்களை அப்படியே புகழ்ந்துவிடவும் முடியாது. வேண்டிய கருவி பூட்டிய அறைக்குள் இருந்தால், பூட்டைத் திறந்து எடுத்துக்கொள்ளும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. அதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தர முடியாது. பிறர் வீட்டுக்குள் நுழையுமுன் அனுமதி கேட்டு ஸலாம் சொல்ல வேண்டும் என்று அந்நூர் அத்தியாயம் கற்றுத்தருகிறது. துருவித் துருவி உளவு பார்ப்பதை அல்ஹுஜுராத் தடுக்கிறது. அனுமதியின்றி வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதையே நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்திருக்கிறார்கள். அடுத்தவருடைய போனும் கணக்கும் அவருடைய வீடு மாதிரிதான். "சும்மா பார்த்தேன், எதையும் எடுக்கவில்லை" என்பது அங்கே பதிலாகாது.

சட்டமும் அப்படித்தான். நாட்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66-ன்படி, உரியவர் அனுமதியின்றித் தீய எண்ணத்தோடு கணினிக்குள் நுழைந்தால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விளையாட்டாக நண்பனின் இன்ஸ்டாகிராமைத் திறக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லி வைக்க வேண்டும். ஒரு வழக்கு பாஸ்போர்ட்டையும் வேலையையும் எவ்வளவு காலம் துரத்தும் என்பது நம் குடும்பங்களுக்குத் தெரியாததல்ல.

அதே திறமைக்கு நேரான வழியும் இருக்கிறது. கூகுள் போன்ற நிறுவனங்கள் தங்கள் மென்பொருளில் உள்ள ஓட்டைகளைக் கண்டுபிடித்து, தாங்கள் வகுத்த விதிப்படி தெரிவிப்பவர்களுக்குப் பணமே கொடுக்கின்றன.

ஆகவே மகனோ மகளோ ஹேக்கிங் என்று சொன்னால், கணினியைப் பிடுங்காமல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: எதைத் திறந்து பார்க்கிறாய், அது யாருடையது? தன்னுடையதைத் திறந்து பார்க்கிற பிள்ளைக்கு வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்துவிடலாம். 1991-ல் ஃபின்லாந்தில் 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் சொந்தக் கணினியில் எழுதத் தொடங்கியதுதான் லினக்ஸ். இலவசமாகக் கிடைக்கிறது. அதன் மூலநிரலை யாரும் பிரித்துப் படிக்கலாம், மாற்றலாம், கெடுத்துப் பார்த்துத் திரும்பவும் சரிசெய்யலாம். பைத்தான் மொழியும் இலவசம்தான். ஒரு பென் டிரைவும் இணைய வசதியும் இருந்தால் ஒரு விடுமுறை நாளிலேயே லினக்ஸை நிறுவிவிடலாம். பழைய கம்ப்யூட்டரில் கல்யாணப் படங்களோ ஆவணங்களோ இருந்தால் முதலில் வேறிடத்தில் பிரதி எடுத்து வைத்துவிடுங்கள், நிறுவும்போது அவை அழிந்துபோகக்கூடும்.