காலத்தில் குரல் கொடுத்த கப்பல்

1941-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள், ஹவாய்த் தீவுகளிலுள்ள பேர்ள் துறைமுகத்தை ஜப்பானிய விமானங்கள் தாக்கின என்று நாம் வரலாற்றில் படிக்கிறோம். எதிர்பாராத தாக்குதல் என்றே அதைக் கூறுகிறோம். ஆனால் அன்று காலை ஓர் எச்சரிக்கை வரத்தான் செய்தது. அதை அனுப்பியது ‘வார்டு’ என்னும் பழைய அமெரிக்க நாசகாரிக் கப்பல். அதன் வரலாற்றை இங்கே சிறிது காண்போம்.

நாசகாரி என்றால் என்ன? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், டார்பிடோ ஏந்திய சிறு படகுகள் பெரும் போர்க்கப்பல்களையும் மூழ்கடிக்கக் கூடியவையாயின. அவற்றை விரட்டியழிக்கப் பிறந்ததே நாசகாரி. கனத்த கவசம் அதற்கில்லை. வேகமே அதன் கவசம். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடி அழிக்கும் பணியும் அதனிடம் வந்து சேர்ந்தது.

1917-இல் அமெரிக்கா அப்போரில் இறங்கியபோது நாசகாரிகள் அவசரமாகத் தேவைப்பட்டன. கலிபோர்னியாவின் மேர் தீவுக் கப்பல் தளத்தில் 1918 மே 15 அன்று ‘வார்டு’ கப்பலின் அடிமரம் இடப்பட்டது. ஜூன் 1 அன்று அது நீரில் இறங்கிவிட்டது! பதினேழே நாட்கள்! இது மாயமன்று. உறுப்புகள் பலவற்றை முன்னரே செய்து அடுக்கி வைத்திருந்தார்கள். முன்னேற்பாடே அந்த வேகத்தின் இரகசியம்.

கப்பலின் நீளம் சுமார் 314 அடி. அகலம் சுமார் 31 அடி மட்டுமே. நான்கு புகைபோக்கிகள், நான்கு பீரங்கிகள், பன்னிரண்டு டார்பிடோக் குழாய்கள். வேகம் மணிக்கு 35 கடல் மைல். ஆனால் அவ்வாண்டு நவம்பரிலேயே போர் முடிந்தது. 1921-இல் பணியிலிருந்து நீக்கப்பட்ட ‘வார்டு’ ஏறத்தாழ இருபதாண்டுகள் சும்மா நின்றது.

1941 ஜனவரியில் அதற்கு மீண்டும் அழைப்பு வந்தது. அதில் ஏறிய மாலுமிகளுள் பலர், கடலே இல்லாத மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரத்து இளைஞர்கள். டிசம்பர் 5 அன்று வில்லியம் அவுட்டர்பிரிட்ஜ் தலைவராகப் பொறுப்பேற்றார். அவர் தலைமை தாங்கிய முதல் கப்பல் அதுவே.

மூன்றாம் நாள், ஞாயிறு விடியற்காலை. துறைமுக வாயிலருகே நீர்மூழ்கி ஒன்றின் பெரிஸ்கோப்பைக் கண்டதாகச் சுரங்கவெடி வாரும் கப்பல் ஒன்று தெரிவித்தது. ‘வார்டு’ தேடியது, அகப்படவில்லை. ஆயினும் காவலை விடவில்லை. காலை 6.45 மணியளவில், துறைமுகத்தை நோக்கி வந்த மற்றொரு கப்பலின் பின்னால் ஒரு சிறு நீர்மூழ்கி தென்பட்டது. முதற்குண்டு தவறியது, மூன்றாம் எண் பீரங்கியின் குண்டு தைத்தது. இருவர் இருந்த அந்த நீர்மூழ்கி ஆழ்கடலில் அமிழ்ந்தது.

6.53 மணிக்கு அவுட்டர்பிரிட்ஜ் கரைக்குச் செய்தி அனுப்பினார். அங்கே என்ன நடந்தது? சங்கேத மொழியைப் பிரிக்கத் தாமதம், தொலைபேசியில் தாமதம். முன்னர் வந்த இத்தகைய செய்திகள் பல பொய்த்திருந்ததால், இதுவும் மெய்தானா என்று விசாரிப்பதிலேயே பொழுது கழிந்தது. எட்டு மணிக்குச் சற்று முன் குண்டுகள் விழத் தொடங்கின. 2,400-க்கும் மேற்பட்ட அமெரிக்கர் உயிரிழந்தனர். ஏறக்குறைய ஒரு மணி நேரம் வீணாயிற்று!

பின்னர் படைவீரரை ஏற்றிச் செல்லும் கப்பலாக ‘வார்டு’ மாற்றப்பட்டது. 1944 டிசம்பர் 7 அன்று, சரியாக மூன்றாண்டுகள் கழித்து, பிலிப்பைன்சின் ஓர்மாக் விரிகுடாவில் ஜப்பானியத் தற்கொலை விமானம் அதன்மேல் மோதியது. தீயை அணைக்க இயலவில்லை. மாலுமிகள் இறங்கியபின், ‘ஓபிரையன்’ என்ற நாசகாரி அதைச் சுட்டு மூழ்கடித்தது. அந்த ‘ஓபிரையன்’ கப்பலின் தலைவர் யார் தெரியுமா? அதே அவுட்டர்பிரிட்ஜ்!

நீர்மூழ்கியை உண்மையில் வீழ்த்தினார்களா என்று ஐயுற்றவர்களும் இருந்தனர். 2002-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஆய்வாளர்கள் அதைக் கடலடியில் கண்டனர். அதன் கோபுரத்தில் குண்டு துளைத்த ஓட்டை அப்படியே இருந்தது. அறுபதாண்டுகளுக்குப் பின் வந்த சாட்சி அது. சுட்ட பீரங்கியோ இன்று செயின்ட் பால் நகரில் நினைவுச் சின்னமாக நிற்கிறது.

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது யாது? கண்டதைக் காலத்தில் சொல்வது பாதிக் கடமை. சொல்பவர் சிறியவராயினும் செவிசாய்ப்பது மறுபாதி. வீட்டிலும் வகுப்பிலும் இவ்விரண்டையும் நாம் பழகுவோமாக.